படகு வாங்கினோம், கிறீஸ் பூச மறந்தோம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கிவிட்டுப் போன பின்னர் எமது வர்த்தக நண்பர்கள் சிலரிடமிருந்து ஒரே விதமான தொலைபேசி அழைப்புகள் வந்தன. “நாநா, எங்கட ஊருக்கும் ஒரு படகு எடுத்து வைக்க யோசிக்கிறம். நீங்க முந்தியே எடுத்தவங்கதானே. என்ன எஞ்சின் நல்லம்? எத்தன பேர் ஏறலாம்?” என்று மாவனல்லையிலிருந்து ஒருவர் கேட்டார். கேகாலைப் பக்கமிருந்து இன்னொருவர் படகின் நிறம் வரை பேசினார். நல்ல எண்ணம்தான். ஆனால் பேசியவர்களில் ஒருவராவது அந்தப் படகை ஏற்றிச் செல்லும் ட்ரெய்லரைப் பற்றிக் கேட்கவில்லை. அதன் சில்லுகளுக்கு யார் கிறீஸ் போடுவது, எப்போது போடுவது, அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற பேச்சே எழவில்லை.

சிரிக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெயாரிங்கினால் ஒரு முழுப் படகு பெல்மதுளைக்கு அருகில் வீதியோரத்தில் மணிக்கணக்கில் நின்றதைக் கண்டவன் நான். அது நின்றதற்குப் பொறுப்பாளியும் நானே. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதத் துணிந்தேன்.

நான் பலாங்கொடையில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்பவன். இயந்திரவியல் படித்தவனல்ல. 2003 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். களு கங்கை நகருக்குள் புகுந்தது, மலைகள் சரிந்தன, நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எமது உறவினர்கள், கொடுக்கல் வாங்கல் செய்பவர்கள் எனப் பலர் இரத்தினபுரியில் இருந்தார்கள். அரிசியும் பாய்களும் லொறியில் ஏற்றிச் சென்றோம். லொறி தண்ணீர் விளிம்பு வரைதான் போனது. அதற்கப்பால் கூரைகளில் நின்றவர்களை எட்ட எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான் நாங்கள் சில வியாபாரிகள் பணம் சேர்த்து ஃபைபர் கிளாஸ் படகொன்றும் வெளியிணைப்பு இயந்திரமும் வாங்கினோம். இரத்தினபுரியில் வைத்தால் படகே வெள்ளத்தில் அகப்பட்டுவிடும் என்பதால் மேட்டு நிலமான பலாங்கொடையில் வைப்பதென முடிவாயிற்று. கொட்டகை என்னுடையது. சாவியும் என் கடையில்.

படகுக்குப் பேரம் பேச மூன்று கூட்டம் கூடியவர்கள் ட்ரெய்லருக்கு ஒரு கூட்டம்கூடக் கூடவில்லை. உள்ளூர் வெல்டிங் கடையொன்றில் இரும்புச் சட்டம் அடித்து, பழைய வாகனமொன்றின் ஹப் இரண்டைப் பொருத்தி, புது டயர் போட்டு, பச்சைப் பெயின்ட் பூசி எடுத்துவிட்டோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது.

இடையிடையே படகை வெள்ளோட்டம் விடுவோம். கல்தோட்டைப் பக்கம் இறங்கி, வளவை ஆற்றில் அமைதியான ஓரிடத்தில் ட்ரெய்லரைப் பின்னுக்கு விட்டு, சில்லு மூழ்கும் வரை இறக்கிப் படகை மிதக்க விடுவோம். பிள்ளைகளும் வருவார்கள், சாப்பாடும் வரும், படமும் எடுப்போம். திரும்பி வந்து கொட்டகையில் விட்டுப் பூட்டுவோம். எஞ்சினைப் பற்றிக் கவனமாகவே இருந்தோம். நல்ல தண்ணீரில் கழுவுவோம், பெற்றோலை வடித்து வைப்போம், பிளக்கைத் துடைப்போம். ட்ரெய்லரின் சில்லை ஒருநாளும் கழற்றியதில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பதோடு சரி.

2017 மே 26 வெள்ளிக்கிழமை. ரமழான் வாசலில் நின்ற நாட்கள். முதல் நாள் இரவு பெய்த மழையில் இரத்தினபுரியும் களுத்துறையும் மூழ்கத் தொடங்கிவிட்டன. விடியும் முன்பே தொலைபேசி அடித்தது. படகை ஏற்றிக்கொண்டு எமது பிக்கப்பில் இழுத்துப் புறப்பட்டோம். பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரி சுமார் 40 கிலோமீற்றர். பாதி வழியில் பெல்மதுளை. மழையில் கண்ணாடியைத் துடைப்பதே பெரிய பாடு, பின்னால் என்ன நடக்கிறது என்பது எமக்குத் தெரியவே இல்லை. எதிரே வந்த பஸ் சாரதி கையைக் காட்டிக் கத்தினார். நிறுத்திப் பார்த்தால் இடது சில்லு சாய்ந்து மட்கார்டில் உரசிக்கொண்டிருந்தது. ஹப்பில் மழைத்துளி விழ விழ ஆவி பறந்தது. கை வைக்க முடியவில்லை.

அதன் பிறகு நடந்தது அலைச்சல்தான். அந்தக் காலை வேளையில், அந்த மழையில், திறந்திருக்கும் கராஜ் எங்கே? அச்சின் முனையே கடைந்துபோய்விட்டதால் புதிய பெயாரிங் கிடைத்தாலும் போட முடியாது. இறுதியில் கொழுந்து ஏற்றும் லொறியொன்றைக் கெஞ்சிப் பிடித்து, பத்துப் பேர் கூடிப் படகைத் தூக்கி அதில் ஏற்றினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் கடந்துவிட்டது. நாங்கள் தேடிப் போன குடும்பத்தை வேறு படகில் வந்தவர்கள் ஏற்கனவே இறக்கியிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர்கள் உயிர் பிழைத்ததில் எமது பதினான்கு வருடப் படகுக்கு எந்தப் பங்கும் இல்லை.

வெள்ளம் வடிந்த பின்னர் ட்ரெய்லரைப் பார்க்க ஒரு பெரியவரை அழைத்தேன். தோட்டத் தொழிற்சாலையின் வேர்க்‌ஷொப்பில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். உடையாத வலது சில்லைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினார். பால் ஊற்றிய கோப்பி போன்ற நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

“மொதலாளி, இது கிறீஸ் இல்ல. சேறு.”

“அண்ணே, நாங்க சும்மாதானே வச்சிருந்தோம். ஓடவே இல்லையே?”

“ஓடாம வச்சதாலதாங்க இந்த நெலம.”

எனக்கு அன்று அது விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கிய பின்னர்தான் விளங்கியது. கீழே எழுதுவதில் பெரும்பகுதி அவரிடம் கற்றது.

சில்லு அச்சின்மீது நேரடியாகச் சுற்றுவதில்லை. நடுவில் இரண்டு பெயாரிங்குகள் உண்டு, உட்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. ஒரு பக்கம் ஒடுங்கிய சிறிய உருளைகள் இரண்டு உருக்கு வளையங்களுக்கிடையில் உருள்கின்றன. அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898இல் இவ்வகைப் பெயாரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். உருளைகள் சாய்வாக அமைந்திருப்பதால் மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் ஒரே பெயாரிங் தாங்குகிறது. வளைவுக்குப் பஞ்சமில்லாத எமது சப்ரகமுவ வீதிகளில் இதன் பெறுமதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உருளைக்கும் வளையத்துக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும் வரையில்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். அந்த எண்ணெயைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் கிறீஸின் வேலை. இப்போது எமது வெள்ளோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். வந்த கையோடு குளிர்ந்த ஆற்று நீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்க ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. பின்னர் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும்போது கிறீஸ் மெதுவாகக் கீழே வழிய, மேலே நிற்கும் உருளைகள் தண்ணீரோடு தனித்துவிடுகின்றன. உருளை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு ஊசிமுனை அளவு குழி பறிக்கும். அடுத்த தடவை பாரத்தோடு ஓடும்போது அந்தக் குழியிலிருந்துதான் உருக்கு உரியத் தொடங்குகிறது. நாங்கள் பிள்ளைகளோடு சாப்பிட்டுச் சிரித்த ஒவ்வொரு வெள்ளோட்டமும் பெயாரிங்குக்குள் தண்ணீர் ஊற்றிய நாள்.

இங்கே படகு வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தானே, எமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் போகும் வாசகர் சற்றுப் பொறுக்கவும். உங்கள் கடைக்குப் பின்னால் நிற்கும் ட்ரெக்டர் பெட்டியையும், லேண்ட்மாஸ்டரின் பெட்டியையும் கொஞ்சம் பாருங்கள். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தோட்டப் பாதைகளில் ஓடைகளைக் கடக்காமல் ஒரு மூடை உரம் லயத்துக்குப் போய்ச் சேராது. கொழுந்து இறக்கிய பின்னர் வேகமான தண்ணீர்க் குழாயை நேராகச் சில்லின் நடுவுக்குப் பிடித்துச் சேற்றைக் கழுவும் பையன்களை எல்லா இடத்திலும் காணலாம். அந்த வேகத்துக்கு எந்த ஒயில் சீலும் தாக்குப்பிடிக்காது. ஆற்றில் இறங்காமலே படகு ட்ரெய்லரின் கதி அந்தப் பெட்டிக்கும் வருகிறது.

லொறியின் சில்லில் கோளாறு வந்தால் சாரதிக்கு ஸ்டியரிங்கில் தெரியும், சத்தம் கேட்கும், நல்ல சாரதி மணத்திலேயே பிடித்துவிடுவான். ட்ரெய்லரின் சில்லுக்கு மேல் எவரும் அமர்ந்திருப்பதில்லை. அதற்கு எஞ்சின் இல்லை, ஆகவே சேர்விஸ் அட்டையும் இல்லை. மீட்டர் இல்லை, ஆகவே எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்ற கணக்கும் இல்லை. லொறியை ஒயில் மாற்ற அனுப்பும் முதலாளி அதே லொறியின் பின்னால் ஓடும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

முன்னைய ரயில்வேக்காரர்கள் இந்த விடயத்தில் எம்மைவிட விவரமானவர்கள். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி ஊடாக ஒபநாயக்க வரை குறுகிய ரயில் பாதையொன்று ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1970களில் அது மூடப்பட்டது. அன்று முதல் இந்தப் பகுதியின் தேயிலையும் ரப்பரும் எமது கடைச் சாமான்களும் வீதியில் டயர்மீதுதான் போகின்றன. ரயில் வண்டிகளின் அச்சுப் பெட்டிகளைத் தொட்டுச் சூடு பார்க்கவும் எண்ணெய் ஊற்றவும் தனி ஆள் இருந்தான், அவனுக்குச் சம்பளமும் இருந்தது. பாதை போனதோடு அந்த வேலையும் போய்விட்டது. சரக்கு எமது கைக்கு வந்தது, அந்த ஆளின் வேலையை மாத்திரம் நாம் எவரும் பொறுப்பேற்கவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கையால் செய்ய வேண்டுமென்பதில்லை. ஆனால் செய்பவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கும் அளவுக்காவது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றச் சில்லுக்குக் கட்டை வைத்து, ஜெக் போட்டுத் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான முட்டுக் கொடுத்த பின்னரே கையை உள்ளே விட வேண்டும். வெறும் ஜெக்கை நம்பி வேலை செய்யக் கூடாது. சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் தளர்ந்துள்ளது. சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். அரைப்பது போலச் சத்தம் வந்தால் உள்ளே பழுது. சில்லின் உட்பக்கத்தில் கிறீஸ் தெறித்திருந்தால் சீல் போய்விட்டது.

மூடியையும் கொட்டர் பின்னையும் நட்டையும் கழற்றி ஹப்பை வெளியே எடுத்ததும் பழைய கிறீஸ் முழுவதையும் வழித்தெறிந்து, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து உலர விட வேண்டும். பல கராஜ்களில் காற்றுக் குழாயைப் பிடித்துப் பெயாரிங்கை விர்ரென்று சுற்ற விடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். கிறீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றுவதே அதைக் கெடுக்கும், உருளை தெறித்தால் கண்ணும் போகும். கழுவிய பின்னர் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் சூட்டில் வெந்தது. கறுப்புப் புள்ளிகள் இருந்தால் தண்ணீர் குடித்தது. இரண்டில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அப்போது ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய உருளையைப் பழைய வளையத்தில் ஓட விடுவது புதுச் செருப்பில் பழைய ஆணியை விட்டு வைப்பது போன்றது.

கிறீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் ஒரு கட்டி எடுத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கிடையே புகுந்து மறுபக்கம் புழுபோல் வெளிவரும் வரை அடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றி எல்லா உருளைகளுக்கும் அப்படியே. இதில்தான் சோம்பேறித்தனம் நடக்கும், ஆகவே இதில்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒயில் சீலை ஒவ்வொரு தடவையும் புதிதாகவே போடுங்கள். முழு வேலையிலும் மலிவான பொருள் அதுதான், மிச்சம் பிடிக்கப்படுவதும் அதுதான். மறுபடி பூட்டும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் இருக்கையில் அமர்ந்ததும் நட்டைத் தளர்த்தி, பின்னர் விரலால் மட்டும் இறுக்கி, புதிய கொட்டர் பின் போட வேண்டும். பலமாக இறுக்கினால்தான் உறுதி என்று ஸ்பனரில் தொங்கும் பையன்கள் உண்டு. அப்படி இறுக்கிய பெயாரிங் பெல்மதுளை வரைகூட வராது.

ஹப்பிலேயே கிறீஸ் நிப்பிள் வைத்த ட்ரெய்லர்கள் இருக்கின்றன. வசதிதான். ஆனால் கிறீஸ் கன்னை அவசரமாக அடித்தால் பின்பக்க சீல் பிதுங்கிக் கிறீஸ் பிரேக்கில் போய்ச் சேரும். படகு ட்ரெய்லர்களுக்கென ஸ்பிரிங் வைத்த மூடிகளும் வெளிநாடுகளில் புழக்கத்தில் உள்ளன. உள்ளே கிறீஸின் அழுத்தத்தைச் சற்று அதிகமாக வைத்திருந்து தண்ணீர் புகாமல் தடுப்பது அவற்றின் நோக்கம். அவை இருந்தாலும் கழற்றிப் பார்ப்பதைக் கைவிட முடியாது. பெரியவர் எமக்கு விதித்த கட்டளை எளிமையானது. தண்ணீர்க் கரைக்குப் போனதும் உடனே இறக்காதே, ஒரு தேநீர் குடி, ஹப் ஆறட்டும்.

எந்தக் கிறீஸ் என்பதிலும் எம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மஞ்சள் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணக் கல்சியம் கிறீஸ் தண்ணீருக்கு ஓரளவு ஈடுகொடுக்கும், ஆனால் சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கினாலே இளகி ஒழுகிவிடும். லிதியம் கிறீஸ் 180 பாகை அளவு வரை இளகாது. சில்லுப் பெயாரிங்குக்கு இரண்டாம் இலக்க லிதியம் கிறீஸ் பொதுவாகப் போதும். அடிக்கடி தண்ணீரில் இறங்கும் சில்லுக்குக் கல்சியம் சல்ஃபோனேட் வகை இன்னும் நல்லது, சூட்டையும் தண்ணீரையும் சேர்த்துத் தாங்கும், விலைதான் கூட. ஒரு வகைக் கிறீஸின்மேல் இன்னொரு வகையைப் போடக் கூடாது. சில வகைகள் கலந்தால் தண்ணீராக இளகிவிடும். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிப்பதும் பிழை. நிறம் கம்பெனிக்காரன் கலப்பது.

இங்கே எமது சொந்தத் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உதிரிப்பாக வியாபாரத்தில் எம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரின் விலை சில வாரங்களிலேயே 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்படும் வரை பழைய வாகனங்களையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். அந்தக் காலத்தில் பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டிக்குள் பெயரில்லாத பெயாரிங்கைப் போட்டு விற்றவர்களைக் கண்டேன். எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. பக்கத்தில் பொறித்திருக்க வேண்டிய இலக்கம் மை போல விரலில் அழிந்தது. தெரிந்தே விற்றாரா தெரியாமல் விற்றாரா என்று நான் விசாரிக்கவில்லை, பின்னர் அந்தக் கடைக்குப் போகவுமில்லை. மலிவுச் சாமான் விற்பது குற்றமல்ல. மலிவு என்று சொல்லி விற்க வேண்டும். “இது லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குப் போதும், பாரம் இழுக்கிறதுக்குச் சரிவராது தம்பி” என்று சொல்லும் கடைக்காரரிடம்தான் நான் இன்றும் பஞ்சிகாவத்தை வரை போய் வாங்குகிறேன். வாங்கப் போகும்போது பழைய பெயாரிங்கைத் துடைத்துக் கையோடு கொண்டுபோங்கள். அளவை வாயால் சொல்லி வாங்கியவர் இரண்டாம் தடவையும் போக நேரிடும்.

இனி பணக் கணக்கு. ஒரு சில்லுக்கு வருடம் ஒரு தடவை கிறீஸ், சீல், கொட்டர் பின், பாஸுக்கு அரை நாள் கூலி. மறுபக்கத்தில், வழியில் ஒரு சில்லு போனால் பெயாரிங் இரண்டு, ஹப், சில வேளை அச்சு, ஏற்றி இறக்கக் கூலி, மாற்று லொறி வாடகை. கொழுந்துப் பெட்டியென்றால் இன்னுமொன்று. குவிந்து கிடக்கும் கொழுந்து சில மணித்தியாலத்தில் சூடேறிச் சிவந்துவிடும். தொழிற்சாலை விலையை வெட்டும், அல்லது திருப்பி அனுப்பும். இந்தப் பெட்டிகளில் கொழுந்து எடுக்கும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போவது வழக்கத்தில் இருக்கிறது. அது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஏற்றுகிறவர்கள் இருக்கும்வரை அந்தச் சில்லின் நட்டும் கொட்டர் பின்னும் வெறும் செலவுக் கணக்கில் அடங்குவதில்லை.

இவ்வளவு தெளிவான கணக்கை வியாபாரிகளாகிய நாமே ஏன் தவறவிடுகிறோம்? லீசிங் தவணை தவறினால் கடிதம் வரும். வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியானால் பொலிஸ் மறிக்கும். கிறீஸுக்குத் தவணை சொல்ல எவரும் வருவதில்லை. பொதுச் சொத்தென்றால் இன்னும் மோசம். எமது படகு பலருடைய பணம், ஆகவே எவருடைய வேலையும் இல்லை என்றாகிவிட்டது. அமானிதம் என்று கூட்டத்தில் பேசினோம். பேசியதை ஒரு பெயரும் ஒரு திகதியும் போட்டு எழுதி வைக்கவில்லை.

2018 ஓகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் தமது வள்ளங்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர், ஆலுவா பகுதிகளுக்கு விரைந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியதை உலகமே பார்த்தது. நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பட்டது வேறொன்று. அந்த வள்ளங்கள் முதல் நாள்வரை மீன் பிடித்தவை. அந்த லொறிகள் முதல் நாள்வரை சரக்கு ஏற்றியவை. எதுவும் பூட்டிய கொட்டகையிலிருந்து வரவில்லை. தினமும் உழைக்கும் பொருளுக்குப் பழுது வந்தால் அன்றே தெரியும், அது உழைக்கும் பணத்திலேயே பழுதும் பார்க்கப்படும். பதினான்கு வருடம் ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்த எமது ட்ரெய்லர் ஆபத்து வந்த அன்று அதன் முதலாவது பெரிய பயணத்தைச் செய்தது.

ஆகவே நாங்கள் ஏற்பாட்டை மாற்றினோம். புதிய அச்சும் ஹப்பும் போட்ட ட்ரெய்லரைப் படகிலிருந்து பிரித்தோம். படகு இப்போது மரக்கட்டைகள்மீது கொட்டகையில் இருக்கிறது. ட்ரெய்லருக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய பலகைத் தளமொன்று செய்து, கூட்டாளிகளின் கடைகள் முறை வைத்துப் பாவிக்கின்றன. என் கடைக்கு அது பிவிசி குழாயும் கூரைத் தகடும் இழுக்கிறது. எடுக்கும் கடை ஒவ்வொரு நடைக்கும் ஒரு சிறு தொகையைப் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பணத்தில்தான் கிறீஸும் சீலும். நடைகளை எழுத ஒரு கொப்பி இருக்கிறது, அதுதான் எமது ட்ரெய்லரின் மீட்டர். ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை முடிந்து தென்மேல் பருவமழைக்கு முன்பாக, இரண்டு ஹப்பும் கழற்றப்படும். ஒக்டோபரில் மறுபடியும். மழை எச்சரிக்கை வந்தால் ட்ரெய்லர் எந்தக் கடையில் நின்றாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொட்டகைக்கு வர வேண்டுமென்பது ஒரே நிபந்தனை. ஓரிரு தடவை முணுமுணுப்பு வந்தது உண்மை. “படகு வண்டியில சீமெந்தா இழுக்கிறது?” என்று ஒரு ஹாஜியார் கோபித்தார். அவருடைய கடைதான் இன்று அதிக நடை எடுக்கிறது.

தண்ணீரில் இறங்காத, வீதியில் மட்டும் ஓடும் பெட்டிக்கு வருடத்துக்கு ஒரு தடவை போதும், அல்லது சுமார் 20,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, எது முந்துகிறதோ அது. தோட்டப் பாதையில் ஓடைகளைக் கடக்கும் பெட்டிக்கு நான் ஆறு மாதமென்றே சொல்வேன். இதைவிடச் சுலபமான பழக்கமொன்றை எமது சாரதிப் பையனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு பரவாயில்லை. ஒன்று மற்றையதைவிட அதிகம் சுட்டால், அல்லது கை வைக்க முடியாவிட்டால், அதற்குமேல் ஓடக் கூடாது. எத்தனை அவசரமானாலும் ஓடக் கூடாது. 2017இல் நாங்கள் காவத்தைப் பக்கம் பிரியும் சந்திக்கு முன்னர் ஒரு தடவை இறங்கித் தொட்டிருந்தால் படகு லொறிக்கு மாறும் வேலை சில மணித்தியாலம் முன்னரே முடிந்திருக்கும்.

மாவனல்லை நண்பருக்குப் படகின் விவரங்களையும் எஞ்சினின் குதிரைவலுவையும் எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கேள்வியும் அனுப்பினேன். வெள்ளம் வராத நாட்களில் அந்த ட்ரெய்லரை எந்தக் கடை இழுக்கப் போகிறது, கொப்பியை யார் எழுதப் போகிறார்? பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அடுத்த வாரம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.